பகையின் வாசம்



ஏரியிலும் குளத்திலும் ஓடையிலும் வாழும் முதுகெலும்பற்ற சிற்றுயிர்கள் தங்களைத் தின்ன வருபவற்றிடமிருந்து எப்படித் தப்புகின்றன, அந்தத் தப்பும் வழிகள் எப்படி உருவாயின என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். என் கட்சியைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். இவற்றின் முள்ளையும் ஓட்டையும் கண்டு வியக்காதவர் இல்லை. அவற்றைவிட நுட்பமான ஒன்றைப் பரிணாமம் இவற்றுக்குள் வைத்திருக்கிறது: முள்ளை எப்போது வளர்ப்பது, எப்போது வளர்க்காமல் இருப்பது என்று கண்டுகொள்ளும் திறன். காவலுக்கு விலை உண்டு. அந்த விலையைக் கணக்கில் எடுக்காதவரை இந்த உயிர்கள் செய்வது எதுவும் நமக்கு விளங்காது.

டாஃப்னியாவிலிருந்து தொடங்குகிறேன். நீர்த்தெள்ளு என்று சொல்லப்படும் இது, இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்து உறவு. கண்ணாடி போன்ற உடல். நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் இதயம் துடிப்பதும், குடலில் பச்சைப்பாசி நகர்வதும், முதுகுப்புறப் பையில் முட்டைகள் இருப்பதும் அப்படியே தெரியும். நல்ல காலத்தில் ஆணின் துணையில்லாமலே தாய் தன் நகல்களைப் பெற்றுத் தள்ளும். ஆய்வாளருக்கு இது பெரும் வசதி. ஒரே மரபணுத் தொகுதி கொண்ட நூறு உயிர்களை நூறு கண்ணாடிக் குவளைகளில் வைத்து, சூழலை மட்டும் மாற்றிப் பார்க்கலாம்.

ஐரோப்பிய ஏரிகளில் டாஃப்னியாவின் தலை வசந்தத்தில் உருண்டையாகவும் கோடையில் உச்சி நீண்டு கொம்பு போலவும் இருப்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டிருந்தார்கள். காரணம் பிடிபடவில்லை. வெப்பம் ஏறினால் நீர் இலேசாகும். மூழ்காமல் மிதக்கத்தான் தலை நீள்கிறது என்று டென்மார்க்கின் வெசன்பெர்க்-லுண்ட் போன்றோர் விளக்கினார்கள். ஜெர்மனியின் ரிச்சர்ட் வோல்டெரெக், ஒரே நகல் வழியைச் சேர்ந்த டாஃப்னியாக்களை வெவ்வேறு அளவு உணவில் வளர்த்துத் தலையின் உயரத்தை அளந்தார். உணவுக்கு ஏற்ப உயரம் மாறியது. ஒரு மரபணுத் தொகுதி ஒரே ஓர் உருவத்தைத் தருவதில்லை, ஒவ்வொரு சூழலுக்கும் ஒவ்வோர் உருவத்தைத் தருகிறது என்பதை அவர் 1909இல் வரைகோடாகவே போட்டுக் காட்டி, அதற்கு 'எதிர்வினை நெறி' என்று பெயரிட்டார். உயிரியல் இன்றும் அந்தக் கருத்தின் மேல்தான் நிற்கிறது. ஆனால் அந்தத் தலை யாருக்காக நீள்கிறது என்ற கேள்வியை அன்று ஒருவரும் கேட்கவில்லை. வெப்பம், உணவு, நீரின் அடர்த்தி எல்லாவற்றையும் அளந்தார்கள். எதிரியை அளக்கவில்லை. அறிவியலில் இப்படி நடப்பதுண்டு. அளக்க எளிதானது முதலில் அளக்கப்படும்.

எதிரி உள்ளே வந்த கதவு வேறு. 1952இல் பிரான்சின் டி போஷான், பிராக்கியோனஸ் என்ற சக்கர உயிரியை ஆராய்ந்தார். வாயைச் சுற்றிச் சுழலும் மயிர்வளையத்தால் இரை திரட்டும், கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியக்கூடிய உயிர் அது. அதன் எதிரி ஆஸ்பிளாங்னா என்ற பெரிய சக்கர உயிரி. ஆஸ்பிளாங்னா இருக்கும் நீரில் பிறந்த பிராக்கியோனஸ்களுக்குப் பின்புறம் நீண்ட முட்கள் முளைத்திருந்தன. அமெரிக்காவின் ஜான் கில்பர்ட் 1966இல் இதைத் தெளிவாக நிறுவினார். ஆஸ்பிளாங்னா வாழ்ந்த நீரை வடிகட்டி, எதிரி ஒன்றுகூட இல்லாத நிலையில் ஊற்றினாலும் முள் வளர்ந்தது. வளர்ந்தது தாய்க்கில்லை. வளர்ந்து முடிந்த உடலை மாற்ற வழியில்லாத தாய், தன் வயிற்றிலுள்ள முட்டைகளுக்குச் செய்தியைக் கடத்திவிடுகிறாள். முள்ளோடு பிறந்த பிள்ளையை ஆஸ்பிளாங்னா வாய்க்குள் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, விழுங்க முடியாமல் விட்டுவிடும்.

டாஃப்னியாவுக்கு அந்த வேலையைச் செய்தவர்கள் குரூகரும் ஸ்டான்லி டாட்சனும். ஆண்டு 1981. இங்கே எதிரி, சாவோபோரஸ் என்ற கொசு போன்ற ஈயின் லார்வா. கண்ணாடிப் புழு என்றே சொல்லலாம். நீரில் அசையாமல் கிடைமட்டமாகத் தொங்கும், இரை அருகில் வந்தால் முன்கொம்புகளால் பாய்ந்து பிடிக்கும். அந்த லார்வா இருந்த நீரின் வாசம் பட்டால், டாஃப்னியா பியூலெக்ஸ் குட்டிகளின் பிடரியில் ஒரு சிறு மேடும் அதன்மேல் முட்களும் எழுகின்றன. 'கழுத்துப் பற்கள்' என்று அவற்றுக்குப் பெயர். மனிதக் கண்ணுக்கு அற்பமான முட்கள். ஆனால் லார்வாவின் வாய்க்குள் திணிக்கப்படும் தருணத்தில் குட்டியைத் தப்ப வைக்க அவை போதும்.

அந்தப் பற்கள் குட்டிப்பருவத்தின் சில கட்டங்களில் மட்டுமே இருக்கும். டாஃப்னியா வளர்ந்துவிட்டால் லார்வாவின் வாய்க்கு அடங்காது. அதன்பின் தோலுரிக்கும்போது பற்களும் போய்விடும். ஆபத்து உள்ள வயதுக்கு மட்டும் ஆயுதம். எதிரியே இல்லாத நீரில் அந்த வயதிலும் ஆயுதம் கிடையாது. ஏன் எப்போதும் வைத்துக்கொள்ளக் கூடாது? பற்களை வளர்க்கும் குட்டிகள் இனப்பெருக்க வயதை எட்டுவது தாமதமாகிறது. ஓரிரு வாரத்தில் தலைமுறை மாறும் உயிருக்குச் சிறு தாமதமும் பெரிய இழப்பு. முதலில் பெற்றவளின் வம்சம் குளத்தை நிரப்பிவிடும்.

விலை என்பது தாமதத்தோடு முடிவதில்லை. எதிரிகள் பலர், அவர்களின் பசி ஒன்றுபோல் இருப்பதில்லை. சாவோபோரஸ் லார்வா தொட்டுணர்ந்து பிடிக்கிறது, சிறியதைத்தான் விழுங்க முடிகிறது. மீன் கண்ணால் பார்த்துப் பிடிக்கிறது, பெரியதைத்தான் தேடுகிறது. 1965இல் 'சயன்ஸ்' இதழில் புரூக்ஸும் டாட்சனும் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள கிரிஸ்டல் ஏரியில் 1942இல் எடுத்த மிதவை உயிர்க் கணக்கு அவர்களிடம் இருந்தது. அதன்பின் அந்த ஏரிக்குள் புளூபேக் ஹெர்ரிங் என்ற, மிதவை உயிர்களைத் தின்னும் மீன் புகுந்தது. 1964இல் மறுபடி வலைவீசிப் பார்த்தபோது பெரிய டாஃப்னியாக்கள் மறைந்து, பாஸ்மினா போன்ற மிகச் சிறியவையே ஏரியை ஆண்டுகொண்டிருந்தன.

இந்த இரண்டு எதிரிகளுக்கும் நடுவில் ஒரே டாஃப்னியா என்ன செய்யும்? மீன் வாசம் வந்தால், சிறிய உடலிலேயே சீக்கிரம் முட்டையிடும். பகலில் இருண்ட ஆழத்துக்கு இறங்கி, இரவில்தான் பாசியுள்ள மேல்நீருக்கு ஏறும். லார்வா வாசம் வந்தால் நேர் எதிர்: இனப்பெருக்கத்தைத் தள்ளிவைத்து, உடலைப் பெரிதாக்கும். ஒன்றிடமிருந்து காப்பாற்றுவது இன்னொன்றிடம் கொண்டுபோய்த் தள்ளும். ஆழத்துக்கு இறங்குவதும் இலவசமில்லை. அடியில் குளிர், முட்டை முதிர நாளாகும், உணவும் குறைவு. இந்த நெருக்கடிக்குள்தான் மோப்பத்தின் அருமை தெரிகிறது. "எதிரி இருக்கிறான்" என்ற செய்தி போதாது. எந்த எதிரி என்று தெரிய வேண்டும்.

அப்படியானால் அந்த வாசம் என்ன பொருள்? பல பத்தாண்டுகள் வேதியியலாளர்கள் தேடினார்கள். நீரில் கரைந்திருக்கும் அளவு அவ்வளவு குறைவு. 2018இல் ஜெர்மனியின் போக்கும் பல்கலைக்கழகத்தில் லிண்டா வைஸும் குழுவினரும் சாவோபோரஸின் வாசத்தைக் கண்டுபிடித்தார்கள்: குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தோடு இணைந்த கொழுப்பு அமிலங்கள். லார்வா தின்ற இரையைச் செரிக்க உதவுபவை அவை. எச்சத்தைக் கக்கும்போது நீரில் கலந்துவிடுகின்றன. அடுத்த ஆண்டு மைக்கே ஹான், எரிக் ஃபான் எலெர்ட் முதலியோர் மீனின் வாசத்தைக் கண்டுபிடித்தார்கள். டாஃப்னியா மேக்னாவை ஆழத்துக்கு இறங்கவைப்பது 5-ஆல்ஃபா சிப்ரினால் சல்ஃபேட் என்ற பித்த உப்பு. கெண்டைக் குடும்ப மீன்களின் பித்தத்தில் முதன்மையானது அதுவே. பிகோமோல் அளவில், அதாவது ஒரு மோலின் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில் இருந்தாலும் டாஃப்னியா அதை உணர்கிறது.

இந்த இரண்டு கண்டுபிடிப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு இந்தத் துறையின் ஆழம் புலப்பட்டது. இரண்டு எதிரிகள், ஒன்று பூச்சி, ஒன்று மீன். இரண்டையும் காட்டிக்கொடுப்பது செரிமானத்துக்கான பொருள். இதில் தற்செயல் குறைவு என்றே நினைக்கிறேன். தன் இருப்பை இரைக்கு அறிவிக்கும் எந்தப் பொருளையும் எதிரி விரைவில் கைவிட்டிருக்கும். அறிவிக்காத மீன் அதிகம் தின்னும், அதிகம் பெருகும். ஆனால் பித்தத்தை விட்டுவிட்டு எந்த மீனும் கொழுப்பைச் செரிக்க முடியாது. எதிரியால் நிறுத்தவே முடியாத ஒரு கசிவை இரை மோப்பம் பிடித்திருக்கிறது. பொய் சொல்ல இயலாத செய்தி அது.

செய்தி அடுத்த தலைமுறைக்கும் போகிறது. அனுராக் அகர்வால், கிறிஸ்டியன் லாஃபோர்ஷ், ரால்ஃப் டோல்ரியான் மூவரும் 1999இல் 'நேச்சர்' இதழில் காட்டியது: எதிரியின் வாசத்தில் வாழ்ந்த டாஃப்னியா குகுல்லாட்டா தாயின் குட்டிகள், தாங்கள் அந்த வாசத்தை நேரில் உணராவிட்டாலும் பெரிய தலைக்கவசத்தோடு பிறக்கின்றன.

இனி நத்தைகள். ஓடு இருப்பதால் நத்தைக்குக் கவலை இல்லை என்று தோன்றும். 1990இல் கிரவுலும் கோவிச்சும் அமெரிக்க ஓடைகளிலுள்ள ஃபைசெல்லா என்ற சிறு நத்தையைச் சோதித்தார்கள். எதிரி, கிரேஃபிஷ் என்ற, சிங்கி இறால் போன்ற நன்னீர் உயிர். கிரேஃபிஷ் அதே இன நத்தைகளைத் தின்றுகொண்டிருக்கும் நீர் வந்தால், மற்ற நத்தைகள் முட்டையிடாமல் சுமார் 8 மாதம் உடலை வளர்த்து, 10 மில்லிமீட்டரை எட்டிய பிறகே இனப்பெருக்கம் தொடங்கின. அந்த வாசம் இல்லாத நீரில் 4 மில்லிமீட்டரிலேயே, சுமார் மூன்றரை மாதத்தில் முட்டையிட்டன. பெரிய நத்தையைக் கிரேஃபிஷால் எளிதில் தின்ன முடியாது. ஒரு வாசம் ஒரு வாழ்நாளின் அட்டவணையையே மாற்றி எழுதுகிறது.

ஓட்டின் வடிவமும் மாறும். ஃபைசா நத்தைகளை ஆராய்ந்த தாமஸ் டிவிட் காட்டியது எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். சன்ஃபிஷ் மீன் நத்தையை வாயில் போட்டு நொறுக்கும். அதைத் தாங்க ஓடு உருண்டையாக இருப்பது நல்லது. கிரேஃபிஷ் ஓட்டின் வாயில் இடுக்கியை விட்டு உடலைப் பிடுங்கும். அதைத் தடுக்க ஓடு நீண்டு, வாய் குறுகியிருப்பது நல்லது. ஒரே ஓடு உருண்டையாகவும் ஒல்லியாகவும் இருக்க முடியாது. இரண்டு எதிரியும் ஒரே ஓடையில் இருந்தால் நத்தை ஏதோ ஒரு பக்கம் தோற்றுத்தான் ஆக வேண்டும்.

கடலில் இருக்கும் கோட்டை போன்ற ஓடுகள் நன்னீர் நத்தைகளுக்கு ஏன் இல்லை என்று கேட்டவர் கீரத் வெர்மே. நெதர்லாந்தில் பிறந்து, மூன்று வயதில் பார்வையை இழந்து, விரல்களால் தடவியே ஓடுகளைப் படித்துப் பெரும் அறிஞரானவர். கோவிச்சோடு சேர்ந்து 1978இல் அவர் எழுதிய கட்டுரையின் வாதம் காலம் பற்றியது. பெரும்பாலான ஏரிகள் புவியியல் கணக்கில் குறுகிய வாழ்வுடையவை; தூர்ந்துவிடும், வற்றிவிடும். இரையும் எதிரியும் மாறி மாறி ஒன்றையொன்று விஞ்ச நெடுங்காலம் வேண்டும். அந்தக் காலம் கிடைத்த ஏரிகளில் ஒன்று ஆப்பிரிக்காவின் டாங்கன்யிக்கா. அதன் வயது கோடி ஆண்டுகளை ஒட்டியது. அங்குள்ள நத்தைகளின் ஓடுகள் தடித்தவை, வரிகள் புடைத்தவை, கடல் நத்தை என்றே ஏமாறலாம். அங்குள்ள நண்டுகளின் இடுக்கிகளும் நொறுக்குவதற்கென்றே பருத்தவை. வெஸ்ட், கோஹன், பாரன் மூவரும் 1991இல் இதை விரிவாக எழுதினார்கள். அந்த ஓடுகளில் உடைந்து ஆறிய தழும்புகள் நிறைய. தழும்பு இருக்கிறதென்றால் நண்டு முயன்றிருக்கிறது, நத்தை பிழைத்திருக்கிறது. தேர்வு நடந்ததற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடைப்பது அரிது.

நடத்தையும் இப்படித்தான் பரிணமிக்கிறது. வட அமெரிக்காவின் எனல்லாக்மா ஊசித்தட்டான்களின் நீர்வாழ் இளம்பருவத்தை மார்க் மக்பீக் பல ஆண்டு ஆராய்ந்தார். மீன் உள்ள ஏரிகளில் வாழும் இனங்கள் எதிரி வந்தால் அசையாமல் கிடக்கும். மீனோடு நீச்சலில் போட்டியிட முடியாது. மீனில்லாத ஏரிகளில் பெரிய தும்பிகளின் இளம்பருவமே அரசன். அங்கு அசையாமல் கிடந்தால் சாவு, நீந்தினால் தப்பலாம். மீன் ஏரியிலிருந்து தும்பி ஏரிக்குக் குடியேறிய வழிகளில் வால் இதழ்கள் அகன்றன, தசையில் ஆற்றலை வேகமாக வழங்கும் நொதியின் செயல்பாடும் கூடியது.

இதெல்லாம் நெடுங்காலக் கதை. குறுகிய காலத்தில் நடந்ததைக் கண்ணால் பார்க்க முடியுமா என்றால், பெல்ஜியத்தின் ஔட்-ஹெவர்லே குளம் பதில் சொல்கிறது. டாஃப்னியா கெட்ட காலத்தில் கடினமான உறையிட்ட உறங்கும் முட்டைகளை இடும். அவை சேற்றில் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும். அந்தக் குளத்தில் மீன் எந்த ஆண்டுகளில் குறைவாக விடப்பட்டது, எப்போது மிகுதியாக விடப்பட்டது, எப்போது மறுபடி குறைந்தது என்ற பதிவு இருந்தது. லுக் டி மீஸ்டரும் குழுவினரும் சேற்றை அடுக்கு அடுக்காக எடுத்து, ஒவ்வொரு காலத்து முட்டையையும் பொரிக்கவைத்து, மீன் வாசத்துக்கு அந்த வம்சம் எப்படி நடந்துகொள்கிறது என்று 2001இல் காட்டினார்கள். மீன் மிகுந்த காலத்து வம்சம் வாசம் பட்டதும் ஒளியை விட்டு விலகும் போக்கைக் கூடுதலாகக் காட்டியது. மீன் குறைந்த காலத்தில் அந்தப் போக்கும் குறைந்தது. இருபது, முப்பது ஆண்டுகளுக்குள் எதிர்வினை நெறியே ஏறி இறங்கியிருக்கிறது. வோல்டெரெக் 1909இல் வரைந்த கோடு, குளத்துச் சேற்றுக்குள் நகர்வதை அவர்கள் பார்த்துவிட்டார்கள்.

இவ்வளவு நுட்பமான மோப்பத்தை நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். இதைச் சொல்லாமல் இந்தப் பொருளைப் பேசுவது நேர்மையாகாது. ஜப்பானின் ஹனசாட்டோ 1991இல் வெளியிட்ட ஆய்வில், கார்பரில் போன்ற பூச்சிக்கொல்லிகள் மிகக் குறைந்த அளவில் நீரில் இருந்தாலே, எதிரி எதுவும் இல்லாதபோதும் டாஃப்னியாவுக்குத் தலைக்கவசம் வளர்ந்தது. கார்பரில் நமக்குப் புதிய பெயரன்று. செவின் என்று விற்கப்பட்டது அதுவே; 1984இல் போபாலில் கசிந்த மீதைல் ஐசோசயனேட் அதைச் செய்வதற்காகத்தான் அங்கு வைக்கப்பட்டிருந்தது. இந்தியாவில் 2018இல் அது தடை செய்யப்பட்டது. தாமிரம் இதற்கு மறுபக்கம். கனடாவில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், நீரில் தாமிரம் இருந்தபோது டாஃப்னியா பியூலெக்ஸ், சாவோபோரஸ் வாசம் இருந்தும் கழுத்துப் பற்களைச் சரிவர வளர்க்கவில்லை. ஒன்று இல்லாத பகையை அறிவிக்கிறது, மற்றொன்று இருக்கும் பகையை மறைக்கிறது. நம் வயல்களிலும் குளங்களிலும் தாமிர உப்பான மயில்துத்தம் இன்றும் புழங்குகிறது.

ஒரு வேதிப்பொருள் நீருக்கு ஆபத்தா என்று உலகெங்கும் பார்க்கும் வழக்கமான சோதனை, டாஃப்னியாவை அந்த நீரில் 48 மணி நேரம் விட்டு, அசைவற்றுப் போனவற்றை எண்ணுவது. 21 நாள் சோதனை ஒன்றும் உண்டு. அதில் குட்டிகளை எண்ணுவார்கள். இரண்டிலும் குவளைக்குள் எதிரியின் வாசம் கிடையாது. உயிரோடு இருக்கிறது, குட்டி போடுகிறது, ஆனால் எதிரியை உணரும் திறனை இழந்துவிட்டது என்றால் அந்தச் சோதனையில் அது நலமாக இருப்பதாகவே பதிவாகும். எதிரியின் வாசம் கலந்த நீரிலும் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. செலவு அதிகமில்லை, மீன் இருந்த தொட்டியின் வடிகட்டிய நீர் போதும்.

இங்கிருக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் நாட்டு ஏரிகளிலும் டாஃப்னியா உண்டு. நீண்ட கொம்பும் வாலும் கொண்ட டாஃப்னியா லும்ஹோல்ட்சி ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியாவுக்கு உரியது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டெக்சாஸில் தென்பட்டு அங்கிருந்து பரவியது. அதைப்பற்றி அவர்கள் எழுதியவை ஏராளம், தாயகத்திலுள்ள நாம் எழுதியவை மிகக் குறைவு. நம் ஏரிகளில் மீன்பாசி குத்தகைக்கு விடப்படுகிறது. கட்லாவும் ரோகுவும் எந்த ஆண்டு எவ்வளவு விடப்பட்டன என்ற கணக்கு பல ஊர்களில் தேடினால் கிடைக்கும். அவை கெண்டைக் குடும்ப மீன்கள். ஔட்-ஹெவர்லேயில் செய்ததை இங்கே செய்ய, வேண்டியதெல்லாம் சேறு. கோடையில் வறண்டு வெடிக்கும் ஏரி உதவாது, அடுக்குகள் கலந்துவிடும். ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் ஏரி வேண்டும். அப்படிப்பட்ட ஏரிகளையும் இப்போது ஒவ்வொன்றாகத் தூர்வாருகிறார்கள். தூர்வாருவது தேவைதான். ஆனால் இயந்திரம் இறங்கும் முன்பு, உங்கள் ஊர் ஏரியின் நடுவில் ஒரு நெகிழிக் குழாயைச் செங்குத்தாக அழுத்தி, அடுக்கு கலையாமல் சேற்றை எடுத்து, இருட்டிலும் குளிரிலும் வையுங்கள். எந்த ஏரி, எந்த நாள், எவ்வளவு ஆழம் என்று குழாயின் மேலேயே எழுதிவையுங்கள். பொரிக்க வைப்பதை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். அள்ளிக் கரையில் கொட்டிய சேற்றில் அடுக்கைத் தேட முடியாது.